அடிபட்ட கோரலைத் தேற்றுவது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மரைன் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

மரைன் டேங்கில், அதாவது கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் கோரல் (உயிருள்ள பவளம்) சுருங்கிவிட்டது, வெளுத்துப்போச்சு, கல்லைவிட்டுக் கழன்று விழுந்துவிட்டது என்று போட்டோ அனுப்பிக் கேட்பவர்கள், கேட்பதற்கு முன்பே நாலைந்து வேலைகளைச் செய்து முடித்திருப்பார்கள். இடம் மாற்றியிருப்பார்கள், மருந்தில் முக்கியிருப்பார்கள், லைட்டைக் கூட்டியிருப்பார்கள், யாரோ சொன்னார்கள் என்று ஏதோ ஒரு சொட்டு மருந்தையும் ஊற்றியிருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இதில் சில சரியான வேலைகள்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில், வரிசை இல்லாமல் செய்யும்போது கோரல் தாங்காது. அதனால் கீழே உள்ளதை வரிசையாகவே செய்யுங்கள்: முதலில் தண்ணீர், அப்புறம் காரணம், கோரலில் கை வைப்பது அதற்கும் அப்புறம்.

இது மென்பவளங்களுக்கான வழிகாட்டி. மஷ்ரூம், ஜோவா, லெதர், ஸ்டார் பாலிப் போன்றவை. கல்லாக வளரும் கடினப் பவளங்களும் கடல் விசிறியும் கரும்பவளமும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ராமேஸ்வரம் போனபோது கரையில் கிடந்தது என்று செத்த துண்டைக்கூட எடுத்து வராதீர்கள்.

1. உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

சுருங்கிக் கிடக்கும் கோரல் எல்லாம் சாகும் கோரல் இல்லை. வெளுத்த கோரலும் அப்படித்தான். கோரலின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறத்தையும் சாப்பாட்டில் பெரும்பங்கையும் தருகிறது. சூடோ வெளிச்சமோ அளவு மீறினால் கோரல் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும், நிறம் போகும். சதை இருக்கும் வரை பாசி திரும்ப வர வாய்ப்பு உண்டு.

லெதர் கோரலுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. அவ்வப்போது உடம்பெல்லாம் மெழுகு பூசியதுபோல மூடிக்கொண்டு, ஒரு வாரம் பத்து நாள் பாலிப் (பூப்போல விரியும் குட்டி உறுப்பு) எதையும் வெளியே நீட்டாமல் நிற்கும். அப்புறம் அந்தத் தோல் உரிந்து போய் பழையபடி விரியும். இதை நோய் என்று நினைத்து வெட்டப் போகாதீர்கள். நீரோட்டத்தை லேசாகக் கூட்டினால் தோல் சீக்கிரம் உரியும், அவ்வளவுதான்.

நிஜமான ஆபத்து வேறு மாதிரி இருக்கும். சதை நூல் நூலாகப் பிரிந்து நீரோட்டத்தில் ஆடும், பழுப்பு நிறத்தில் ஜெல்லிபோல ஒன்று மேலே படர்ந்திருக்கும், ஒரு கிண்ணத் தண்ணீரில் எடுத்து முகர்ந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். மஷ்ரூமில் வாய் அகலமாகத் திறந்து, உள்ளிருந்து வெள்ளை நூல்கள் வெளியே தொங்கும். பழுப்பு ஜெல்லி இருந்தால் மட்டும் வரிசையை மீறலாம்: அந்தக் கோரலை உடனே தனி வாளிக்கு மாற்றிவிட்டு மற்ற வேலையைத் தொடருங்கள். அது பக்கத்துக் கோரலுக்கும் தாவும்.

2. கையில் இருக்க வேண்டியவை

வேலையைத் தொடங்கிவிட்டு நடுவில் பொருள் தேடினால் தர்மபுரியில் கிடைக்காது. மரைன் சாமான் எல்லாம் சென்னை கொளத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோதான் வர வேண்டும், இல்லையென்றால் ஆன்லைன். அதனால் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரும், அதைச் சரிபார்க்க 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவமும் வேண்டும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியம் காட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பூஜ்ஜியத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இல் தப்பாக இருக்கலாம், நமக்குத் தேவையான இடம் 35.

டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருப்பதை அளப்பது), தெர்மாமீட்டர், அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், கே.எச். (தண்ணீரின் காரத்தன்மை) சோதனைக் கிட்டுகள், மரைன் சால்ட், ஆக்டிவேட்டட் கார்பன், கோரல் டிப் (கோரலை முக்கி எடுக்கும் மருந்து), புது பிளேடு, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு, கொசுவலைத் துண்டு, இரண்டு சின்ன பிளாஸ்டிக் வாளி. வாளியும் கிண்ணமும் இதற்கென்றே ஒதுக்கியவையாக இருக்கட்டும், சமையலறைப் பாத்திரம் வேண்டாம்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், இதில் சமரசம் இல்லை. ஜோவாவிலும் அதன் நெருங்கிய இனமான பாலித்தோவாவிலும் பாலிடாக்சின் என்ற கடுமையான விஷம் இருக்கலாம். கையில் சின்னக் கீறல் இருந்தாலும், வெட்டும்போது ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகும். ஜோவா ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் கழுவுவது, கொதிக்க வைப்பது, காய்ந்தபின் பிரஷ்ஷால் தேய்ப்பது இவற்றை ஒருபோதும் செய்யாதீர்கள். ஆவியிலும் தூசியிலும் விஷம் மூச்சுக்குள் போகும், வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஆபத்து.

3. தொடுவதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள்

கோரலை நகர்த்தாமல் இந்த அளவுகளை எடுத்து எழுதி வையுங்கள். வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி. உப்பு 35 பி.பி.டி., அதாவது அடர்த்தி 1.026 பக்கம். கே.எச். 8 முதல் 9. அம்மோனியா பூஜ்ஜியம். நைட்ரேட் 5 முதல் 15 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாகப் பூஜ்ஜியம் என்றால் சந்தோஷப்படாதீர்கள். மென்பவளங்களுக்குக் கொஞ்சம் சத்து தண்ணீரில் இருக்க வேண்டும். பாசி வருகிறது என்று பாஸ்பேட் உறிஞ்சும் மருந்தை அளவில்லாமல் போட்டு, டேங்க் பளிங்குபோல இருக்க, ஜோவா மட்டும் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போவதை நிறைய டேங்கில் பார்த்திருக்கிறேன்.

அளவு தப்பாக இருந்தால் மெதுவாகத் திருத்துங்கள். உப்பு 39 ஆகியிருக்கிறது என்றால் இரண்டு மூன்று நாளில் இறக்குங்கள். கே.எச். ஒரு நாளைக்கு 1-க்கு மேல் மாற வேண்டாம். தப்பான அளவுக்குப் பழகிப்போன கோரலை ஒரே மணி நேரத்தில் சரியான அளவுக்கு இழுத்தால் அதுவே இரண்டாவது அடி. அம்மோனியா மட்டும் விதிவிலக்கு, அது தெரிந்தால் உடனே தண்ணீர் மாற்ற வேண்டும்.

4. நம்ம ஊர்த் தண்ணீரை நம்பாதீர்கள்

எனக்குத் தெரிந்து இந்த இரண்டு மாவட்டத்திலும் கோரல் நலிவதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தர்மபுரி என்றாலே எல்லாருக்கும் ஃபுளோரைடுதான் ஞாபகம் வரும். மனிதர்களின் பல்லுக்கும் எலும்புக்கும் அது பெரிய பிரச்சினை, அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கோரலுக்கு அது முதல் கவலை இல்லை, கடல்நீரிலேயே லிட்டருக்கு சுமார் 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு இயற்கையாக இருக்கிறது. போர் தண்ணீரில் நாம் பயப்பட வேண்டியது வேறு: கடினத்தன்மை கே.எச்.ஸைத் தாறுமாறாக ஏற்றும், வயல் பக்கத்துக் கிணறு என்றால் நைட்ரேட் இருக்கும், சிலிக்கேட் இருந்தால் பழுப்புப் பாசி வந்து கோரலை மூடும். ஒகேனக்கல் தண்ணீரில் உப்பு குறைவுதான், ஆனால் குளோரின் கலந்து வரும்.

சரி, ஆர்.ஓ. போட்டால் தீர்ந்ததா என்றால், வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. அப்படியே ஆகாது. அதில் சுவைக்காக மினரல் கார்ட்ரிஜ் இருக்கும், டி.டி.எஸ். கன்ட்ரோலர் வழியாக வடிகட்டாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடும். இதைவிட மோசம், இப்போது விற்கும் காப்பர் ஆர்.ஓ. மனிதருக்கு நல்லது என்று தாமிரத்தைத் தண்ணீரில் சேர்க்கிறார்கள். முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்குத் தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே விஷம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு நண்பர் வீட்டில் மீன்கள் எல்லாம் ஜோராகத் திரிந்தன, மஷ்ரூம் மட்டும் பட்டன் அளவுக்குச் சுருண்டு கிடந்தது, நத்தைகள் கண்ணாடியில் ஏறாமல் மணலில் கவிழ்ந்து கிடந்தன. சால்ட், லைட் எல்லாம் அலசிவிட்டுக் கடைசியில் சமையலறைக்குப் போய்ப் பார்த்தால் மெஷினில் காப்பர் கார்ட்ரிஜ். மீன் நன்றாக இருந்து நத்தையும் கோரலும் மட்டும் நலிந்தால் முதல் சந்தேகம் தாமிரத்தின் மேல் போக வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். ஆர்.ஓ. மெம்பரேனிலிருந்து வெளிவரும் குழாயில், மினரல், காப்பர் கார்ட்ரிஜ்களுக்கு முன்பாக ஒரு T வடிவ இணைப்பு போட்டுத் தண்ணீரை எடுங்கள். அதை டி.ஐ. ரெசின் (மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி மணிகள்) வழியாக விடுங்கள், டி.டி.எஸ். மீட்டர் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். 20 லிட்டர் கேன் தண்ணீர்தான் வழி என்றால் ஒவ்வொரு கேனையும் சோதித்துப் பாருங்கள், அதையும் டி.ஐ. வழியாகவே விடுங்கள். ஒரே பிளான்ட் தண்ணீரே ஒரு வாரம் 20, மறு வாரம் 90 என்று காட்டும்.

கடையில் வாங்கும் கல்லுப்பில் கடல்நீர் தயாரிக்க முடியாது. உப்பளத்தில் கால்சியம் முன்பே படிந்து தனியாகிவிடும், மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் வடிக்கிற கசப்பு நீரோடு போய்விடும், கைக்கு வருவது சோடியம் குளோரைடு மட்டும். மரைன் சால்ட்தான் வேண்டும். கரைத்து, சின்ன பம்ப் ஒன்றை ஓடவிட்டு ஒரு நாள் கழித்து, வெப்பமும் உப்பும் டேங்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

ஆவியாகும் தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கம் காற்று வறண்டது, சித்திரை வெயிலில் மூடியில்லாத 60 லிட்டர் டேங்க் இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் 3 லிட்டர் குறைந்திருக்கும். உப்பு ஆவியாகாது, 35 இருந்தது 37-ஐத் தொட்டுவிடும். குறைந்த அளவை உப்பு கலக்காத டி.ஐ. தண்ணீரால் மட்டுமே நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் நிரப்பினால் இன்னும் ஏறும். தினமும் இரண்டு வேளையாகப் பிரித்து ஊற்றுங்கள். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் வீட்டில் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம்.

5. காரணத்தைப் பிடியுங்கள்

தண்ணீர் சரியாக இருந்தும் கோரல் நலிந்தால் இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

புகையும் ஸ்பிரேவும்: கொசுவத்தி, லிக்விட் மெஷின், கரப்பான் ஸ்பிரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துதான். நீர்வாழ் உயிர்களுக்கு அது கடும் விஷம். ஏர் பம்பும் ஸ்கிம்மரும் (நுரை மூலம் கழிவை நீக்கும் கருவி) அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீரில்தான் தள்ளுகின்றன. டேங்க் இருக்கும் அறையில் இவை வேண்டாம், கொசுவுக்கு ஜன்னலில் வலை போடுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடு என்றால் அந்த நேரம் ஏர் பம்ப்பை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, புகை போனபின் போடுங்கள்.

சூடு: 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வெளுப்பு தொடங்கும். நம் வறண்ட காற்றில் தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும், சென்னைக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. மாறாக ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி ராத்திரியில் ஹீட்டர் இல்லாமல் டேங்க் குளிர்ந்துவிடும்.

மின்தடை: மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் போகும் கரண்ட் மதியம் தாண்டித்தான் வரும். லைட் இல்லாமல் கோரல் ஒன்றிரண்டு நாள்கூடத் தாங்கும். நீரோட்டமும் காற்றும் இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே திணறும். இன்வெர்ட்டர் லைனை வேவ்மேக்கருக்கு (நீரோட்டம் தரும் பம்ப்) கொடுங்கள், இல்லையென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

பூச்சிகள்: ராத்திரி லைட் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஜோவாவைத் தின்னும் ஓடில்லாத கடல் நத்தை (நூடிபிராங்க்) அதே ஜோவாவின் நிறத்திலேயே இருக்கும், தண்டின் அடியில் முட்டையைச் சுருளாக ஒட்டியிருக்கும். முள்புழு ஒன்று செத்த சதையைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அதுதான் கொன்றது என்று எல்லாரும் அதைப் பிடிக்கக் கிளம்புவார்கள். பெரும்பாலும் அது அழுகியதைச் சுத்தம் செய்ய வந்ததுதான், விட்டுவிடுங்கள். கிளவுன் மீன் லெதர் மேல் இடைவிடாமல் உரசினாலும், பக்கத்தில் எய்ப்டேசியா (களைபோலப் பரவும் சின்னக் கடல் சாமந்தி) கொட்டினாலும் கோரல் மூடியே கிடக்கும்.

6. இப்போது கோரலில் கை வையுங்கள்

கையில் சோப்பு, சானிட்டைசர், தேங்காயெண்ணெய் எதுவும் இல்லாமல் கழுவிவிட்டுக் கையுறை போடுங்கள். இரண்டு வாளியிலும் டேங்க் தண்ணீரை எடுங்கள். முதல் வாளியில் கோரலை வைத்து, சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சி அழுகிய சதையையும் ஜெல்லியையும் ஊதிக் களையுங்கள். டேங்குக்குள்ளேயே ஊதினால் அந்தத் துணுக்குகள் மற்ற கோரல் மேல் போய் உட்காரும்.

லெதரில் அழுகல் இருந்தால் புது பிளேடால், அழுகிய கோட்டிலிருந்து நல்ல சதைக்குள் அரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். கோட்டிலேயே வெட்டினால் அழுகல் மிச்சம் நின்று திரும்பப் பரவும். வெட்டிய லெதர் தண்ணீரில் தற்காப்பு ரசாயனம் விடும், மற்ற கோரல்களுக்கு அது ஆகாது, அதனால் இரண்டு மூன்று நாளுக்குக் கார்பன் ஓடட்டும்.

டிப் செய்வது பூச்சியோ புண்ணோ கண்ணில் பட்டால் மட்டும். லேபிளில் போட்டிருக்கும் அளவும் நேரமும்தான் கணக்கு, நோய் அதிகம் என்பதற்காக மருந்தைக் கூட்டாதீர்கள். டிப் முடிந்ததும் இரண்டாவது வாளியில் அலசிவிட்டு டேங்குக்குக் கொண்டுபோங்கள், டிப் தண்ணீர் ஒரு சொட்டும் டேங்கில் விழ வேண்டாம். டிப்பில் முட்டை சாகாது என்பதால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை செய்ய வேண்டும், கண்ணில் படும் முட்டையை அன்றே சுரண்டி எடுங்கள்.

சென்னையிலிருந்து பஸ் பார்சலில் ராத்திரி முழுக்க வந்து துவண்டு கிடக்கும் கோரலை அன்றே வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம். பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக டேங்க் தண்ணீரைச் சேர்த்துவிட்டு, தனிக் கிண்ணத்திலோ சின்ன டேங்கிலோ விட்டு இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பைத் தண்ணீரை டேங்கில் ஊற்றாதீர்கள்.

7. எங்கே வைப்பது

மணல் மட்டத்துக்குப் பக்கத்தில், நிழல் விழும் இடம். லைட்டை வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கி, ஒரு நாளைக்கு 6 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். வெளுத்த கோரலில் பாசி குறைவு, இருக்கிற கொஞ்சமும் பலமான வெளிச்சத்தில் திணறிப் போகும். பாலிப் தினமும் விரியத் தொடங்கியபின் வாரத்துக்கு 5 முதல் 10 சதவீதம் கூட்டிக்கொண்டு போகலாம். நலிந்துபோன கோரலுக்கு வெளிச்சம் வேண்டும் என்று லைட்டுக்கு அடியிலேயே தூக்கி வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

நீரோட்டம் மிதமாக, கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருவதாக இருக்கட்டும். சதை ஒரு பக்கமாக மடங்கியே நிற்கிறது என்றால் அதிகம். மேலே தூசு படிகிறது என்றால் போதாது.

கழன்று விழுந்த மஷ்ரூமைப் பசை வைத்து ஒட்ட முடியாது, வழுக்கிக்கொண்டு போகும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பாவில் சின்னக் கல் துண்டுகளைப் பரப்பி, மஷ்ரூமை வாய் மேலே பார்க்க வைத்து, கொசுவலையால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். நீரோட்டம் குறைந்த மூலையில் வைத்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அந்தக் கல்லையே சூப்பர் குளூ ஜெல்லால் வேண்டிய இடத்தில் ஒட்டிவிடலாம். லெதர் துண்டையும் பசை தாங்காது, தளர்வாக நூல் சுற்றிக் கல்லோடு நிறுத்துங்கள், இறுக்கினால் நூல் சதையை அறுத்துவிடும். ஜோவாவும் ஸ்டார் பாலிப்பும் இருந்த கல்லோடே கிடந்தால் போதும்.

8. சாப்பாடு

மூடிக் கிடக்கும் கோரலுக்கு ஊட்டாதீர்கள். காய்ச்சலில் வாயே திறக்காதவருக்கு விருந்து பரிமாறுவதுபோலத்தான் அது, போட்டது அப்படியே அழுகி அம்மோனியாவாக மாறும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விரிந்தபின் வாரத்துக்கு ஒருமுறை, பொடி உணவை டேங்க் தண்ணீரில் கரைத்து, பம்ப்பை பத்து நிமிடம் நிறுத்தி, சிரிஞ்சால் பக்கத்தில் மெதுவாக விடுங்கள். மஷ்ரூம் பெரிதாக இருந்தால் மைசிஸ் (இறால் போன்ற சின்ன உயிர்) துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளும். லெதருக்குத் தனியாக ஊட்ட வேண்டிய அவசியமே இல்லை.

9. காத்திருக்கும் நாட்கள்

வாரத்துக்கு 10 சதவீதத் தண்ணீர் மாற்றம், தினமும் வெப்பமும் உப்பும் பார்ப்பது, இரண்டு நாளுக்கு ஒருமுறை கே.எச். இவ்வளவு போதும். எதையாவது மாற்றினால் அடுத்ததை மாற்ற நாலு நாள் பொறுங்கள். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில், வெள்ளை லைட்டில் ஒரு போட்டோ எடுங்கள். நீல லைட்டில் எடுத்தால் வெளுத்ததும் மின்னும், ஏமாந்துபோவீர்கள். நாள்தோறும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாத மாற்றம் இரண்டு வாரப் போட்டோவை அடுத்தடுத்து வைத்தால் தெரியும். ஜோவாவில் முதலில் ஓரத்துப் பாலிப் ஒன்றிரண்டு பாதி திறக்கும். மஷ்ரூமில் வாய் இறுக மூடி, ஓரம் தட்டையாக விரியும். லெதரில் வெட்டிய இடம் மழமழவென்று மூடிக்கொள்ளும், பாலிப் பிறகுதான் வரும். நிறம் எல்லாவற்றுக்கும் கடைசி, மாதக்கணக்கில் ஆகலாம்.

எப்போது கைவிடுவது? லெதரின் தண்டு விரலுக்குக் கெட்டியாக இருக்கும் வரை கைவிட வேண்டாம், மேல்பகுதி முழுக்கப் போனாலும் தண்டிலிருந்து திரும்ப வளரும். மஷ்ரூமில் வாயின் ஒரு பகுதியோடு நகம் அளவு சதை மிஞ்சினாலும் வலை டப்பாவில் போட்டுப் பாருங்கள். முழுவதும் கொழகொழத்து நாறத் தொடங்கிவிட்டால் அன்றே எடுத்துவிடுங்கள், 20 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள், கார்பன் புதிதாகப் போடுங்கள், மறுநாள் அம்மோனியா பாருங்கள். அது இருந்த இடத்தில் இன்னொரு கோரலை வைப்பதானால், காரணம் என்ன என்று உறுதியாகத் தெரிந்து, மீதி இருக்கும் கோரல்கள் ஒரு மாதம் நல்லபடியாக விரிந்து நின்றபின் வையுங்கள்.